எண்ணெய் கடைசியில்

1934 மார்ச் 6, கூலாய் ரப்பர் தோட்டம்

துரை கூப்பிட்டார். தம்போயில் பட்டறை வைத்திருக்கும் அர்ச்சுனன், வெடிப்பு விழாத செருப்பு அடிப்பாகம் செய்யும் ரப்பர் கலவைக்குச் சீமையில் காப்புரிமை கேட்டிருக்கிறானாம். கம்பெனி எதிர்க்கிறது. ரப்பரில் புகைக்கரி சேர்ப்பது ஒருவர் கண்டது, செம்பனை எண்ணெய் சேர்ப்பது இன்னொருவர் கண்டது; இரண்டையும் சேர்ப்பது தொழில் தெரிந்த எவனுக்கும் தோன்றும் என்று நான் சத்தியப் பத்திரம் எழுதித்தர வேண்டும். கலவைகளைச் சோதித்துக் கணக்கெழுதும் கிராணி நான்தானே. தலையாட்டிவிட்டு வந்தேன். இந்தத் தலைக்கு அது ஒன்றுதான் தெரியும்.

மார்ச் 9

பழைய காப்புரிமைத் தாள்கள் இரண்டையும் படித்தேன். கரிக்காரர் கரியை முதலில் போடச் சொல்கிறார், எண்ணெய்க்காரர் எண்ணெயை. சேர்த்துப் பார்ப்பவன் இரண்டையும் முதலிலேயே கொட்டுவான். அர்ச்சுனனோ கரியை நன்றாக அரைபடவிட்டு, எண்ணெயைக் கடைசியில் விடுகிறான். பூ, இவ்வளவுதானா? — விடை தெரிந்த பிறகு எந்தக் கணக்குதான் கஷ்டம்?

மார்ச் 10

எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

மார்ச் 13

எனக்குத் தோணலையே! இரண்டு வருஷத்துக்கு முன் கரியும் எண்ணெயும் சேர்த்து நானே செய்து பார்த்தேன். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினேன். எண்ணெய் வழுக்கி, கரி கட்டி கட்டியாக நின்று, எல்லாம் பாழ். ஆறு தடவை. உதவாது என்று விட்டுவிட்டேன். துரைக்கு என்ன எழுதினேன்? கலவை கெட்டதற்கு ரப்பர் ஷீட்டில் இருந்த ஈரம்தான் காரணம் என்று. புகைக் கொட்டகையில் ஷீட் காயவைத்த அங்கம்மாவைக் குறைந்த கூலிக்குப் புல்வெட்ட அனுப்பிவிட்டார்கள். நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தூ, நானும் ஒரு மனுஷன்.

மார்ச் 15

தம்போய் போய் அர்ச்சுனனைப் பார்த்தேன்.

"மொத மூணு மாசம் நானும் ஒண்ணாத்தான் கொட்டினேன் கிராணி. எல்லாம் குப்பைக்குப் போச்சு. நீங்க செஞ்சு பார்த்ததில்லையா?" என்றான்.

மழை வரும் போலிருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 19

ஜொகூர் பாருவில் அர்ச்சுனனின் வக்கீலிடமே சத்தியப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு தோல்வியும் தேதியோடு. ஈரம் என்றது பொய் என்பதும். ஒரு பிரதியைத் துரை மேசையில் வைத்தேன். அவர் கத்தவில்லை. சோதனை அறைச் சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 22, தம்போய்

மரக்கிடங்கில் வேலை. கை காய்த்துவிட்டது.

காப்புரிமை கிடைத்துவிட்டதாக அர்ச்சுனன் வந்து சொன்னான். தொழில் தெரிந்தவனே ஆறு முறை தோற்றதை எளிதில் தோன்றும் என்று எப்படிச் சொல்வது என்று தீர்ப்பில் இருக்கிறதாம். சந்தோஷம்தான். ஆனால் மனசு ஆறவில்லை. கூலாய்க்குப் போனேன்.

அங்கம்மா இன்னும் புல்தான் வெட்டுகிறாள். அவள் லயத்து வீட்டு வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப நான் நல்லாத்தான் காயவச்சிருந்தேனா?"

"நல்லாக் காஞ்சிருந்திச்சும்மா."

பக்கத்து வீட்டைப் பார்த்து, "ஏ கருப்பாயி, கேட்டியா, ஷீட்டு காஞ்சுதான் இருந்திச்சாம்" என்றாள்.

என்னை உட்காரச் சொல்லவில்லை.