பாதிக் கடை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். என்னங்க, முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே சின்னக் கடைகளுக்கு வரியை உயர்த்தப் போகிறார்களாம். வேலையாட்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் முதலாளியும் பங்கு போட வேண்டுமாம். இன்னும் சட்டம் ஆகவில்லை. அதற்குள் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். எங்கள் திரைச்சீலைக் கடையில் தைக்கிற எல்லோரும் அடுத்தது நாம்தான் என்று பேசிக்கொண்டோம்.

"ஒருத்தரையும் அனுப்பமாட்டேன். காலம் பூரா எனக்குத் தைச்சுட்டு, வயசான பிறகு நீங்க யார்கிட்ட போய் நிப்பீங்க?" என்றார் முதலாளியம்மா.

சொன்னதோடு விடவில்லை. கடையின் முன்பாதியைச் சாவி செய்பவருக்கு வாடகைக்கு விட்டார். தன் மேசையை எங்கள் மெஷின்களுக்கு நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டம் வரட்டும் என்று காத்திராமல் இந்த மாதமே எங்களுக்கான பங்கைக் கட்டிவிட்டார். என்ன மனுஷி! முழங்கை இடிக்க உட்கார்ந்து தைக்கிறோம், ஆனாலும் கடையில் ஒரே சிரிப்புதான்.

உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். அளவு பார்த்துப் புதிது தைக்கிறேன். முதலாளியம்மா கூப்பிடுகிறார், முடித்துக்கொள்கிறேன்.

சட்டையைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் மனைவி