அஞ்சலையின் சட்டை

பிப்ரவரி 11, புதன்

பனி அதிகம். ஒன்பது மணி வரை புல்லில் ஈரம். வேலை இல்லை.

வெட்டிப் போட்ட புல்லை உதறிப் புரட்டிக் காயவைக்க வெளிநாட்டு இயந்திரம் ஒன்று தானமாக வந்தாலும் வந்தது, பண்ணையில் எல்லோருக்கும் இன்ஜினியர் நினைப்பு. டிராக்டரிலிருந்து அதைச் சுழற்றும் தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்து மூன்று வாரம். புது உறை உளுந்தூர்பேட்டை லாரி ஆபீசில். இட ஒதுக்கீடு கேட்டு மறியல், சாலையில் மரங்கள், லாரி வராது. இயந்திரங்கள் என் பொறுப்பு; உறை இல்லாமல் ஓட்டக் கூடாது என்று பண்ணை மேலாளரிடம் (இனி ப.மே.; முழுப் பட்டமும் எழுதினால் மை வீண்) சொன்னேன்.

"சுத்தற தண்டுக்கு உறை எதுக்கு மேடம்? வெள்ளிக்கிழமை சென்னைலேருந்து பெரியவங்க வர்றாங்க. ஓட்டிக் காட்டணும்."

அவர் படித்தது பி.ஏ. வரலாறு.

பிப். 12, வியாழன்

அட்டை எழுதி டிராக்டர் மட்கார்டில் கட்டினேன்.

1. தண்டு சுழலும்போது கிட்டே போகாதே.
2. தாண்டாதே.
3. புல் சிக்கினால் முதலில் இன்ஜினை நிறுத்து.
4. தொங்கும் துணி கூடாது.

கூலிப் பெண்களுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்தும் காட்டினேன். டிரைவர் கோவிந்தன்: "நாலாவது நம்பருக்கு நான் வேட்டிய அவுத்துட்டு ஓட்டணுமாம்மா?" ஒரே சிரிப்பு. அட்டையின் மூலையைக் கிழித்துப் பல் குத்தினான்.

நாலாவதை யாரும் சொல்லாமலே கடைப்பிடிப்பவர்கள் அந்தப் பெண்கள்தான். சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, முந்தானை உள்ளே. சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி. என் கண்ணுக்கு எப்போதும் அசிங்கம்.

மாலை ப.மே. உத்தரவு: நாளை ஒருத்தியும் சட்டை போடக் கூடாது. நல்ல சேலை. போட்டோ எடுப்பார்கள். நான் பட்டு உடுத்தினால் நல்லதாம்.

அஞ்சலை மட்டும் கேட்டாள்: "அது சுத்திக்கினு இருக்கும்போது முந்தானி பறந்தா இன்னா சார் ஆவறது?"

"பெரியவங்க எதிர்ல ஆம்பள சட்ட போட்டுக்கினு நிப்பியா?"

"அப்ப நான் வைக்கப்போராண்ட போயி நின்னுக்கறேன். உங்க போட்டோல வுழமாட்டேன்."

பக்கத்தில்தான் நின்றேன். அறைக்கு வந்து கோப்பில் ஒரு பத்தி எழுதினேன். எந்தக் கோப்பை யார் படித்தார்கள்?

பிப். 13, வெள்ளி

இரவோடு இரவாக மரங்களை அகற்றிவிட்டார்களாம். விருந்தினருக்கு வழி கிடைத்தது. உறைக்குக் கிடைக்கவில்லை.

பட்டு உடுத்தவில்லை. ப.மே. முகம் சுளிக்கட்டும் என்றே நைந்த நூல் சேலை.

பதினோரு மணி. விருந்தினர் நால்வர். ஒருவர் கல்வராயன் மலையைக் காட்டி, அங்கே சிங்கம் உண்டா என்றார். பெண்களைச் சுழலும் தண்டிலிருந்து இருபதடி தள்ளி நிறுத்தினேன். அதுவரை சரி. "சக்தி எங்கிருந்து வருகிறது?" என்றார் அதே சிங்கக்காரர். ப.மே. விழித்தார். எனக்குத்தான் தெரியுமே. எம்.எஸ்சி. அல்லவா. கிட்டே போய், குனிந்து, தண்டைச் சுட்டிக் காட்டினேன். மலைக்காற்று.

முந்தானைக்கு ஊக்கு குத்திய தோளில் ஒரு இழுப்பு. பின்னாலிருந்து இரண்டு கைகள் இடுப்பைக் கட்டிச் சாய்த்தன. கிழியும் சத்தம். கோவிந்தன் இன்ஜினை நிறுத்தியபோது பாதிச் சேலை தண்டில் கயிறாக.

பட்டு கிழிந்திருக்காது; என்னையும் இழுத்திருக்கும்.

நான் குனியும்போதே வைக்கோல்போரிலிருந்து ஓடி வந்தாளாம் அஞ்சலை. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். அவள் தன் சட்டையைக் கழற்றி என்மேல் போட்டாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"நாலாவது நம்பரு இன்னாம்மா? எங்களுக்குப் படிச்சிக் காட்டினீங்களே."

பிப். 14, சனி

தோள் கன்றி நீலம். ப.மே. சொல்லியனுப்பினார், நடந்தது கோப்பில் வேண்டாமாம். எழுதிவிட்டேன். விதியை மீறியவர் என்ற இடத்தில் என் பெயர். உறை வரும் வரை டிராக்டர் சாவி என் மேசையில். இரண்டு முறை ஆள் வந்தது. தரவில்லை. புல்லைக் கையால் புரட்டுகிறார்கள், எல்லோரும் சட்டையோடு.

அஞ்சலையின் சட்டையைத் துவைத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். "வாசன சோப்பு! எங்க வூட்டுக்காரு கேட்டா இன்னா சொல்றது?"

நாளை கச்சிராயபாளையம் போனால்:
மை.
தைலம்.
ஊக்கு வேண்டாம்.
முழுக்கைச் சட்டை ஒன்று, ஆண்கள் அளவு 38.