எரியா, ஏரியா

செவ்வாய். சாரல் இன்னும் விடவில்லை.

தலைச்சோலைக் காப்பித் தோட்டத்து நடுகல்லில் வட்டெழுத்தைத் தடவித் தடவிப் படித்தேன். 'எரியுள் பட்டான்.' தீயில் இறந்தான் என்று மிடுக்காகச் சொன்னேன். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யும் ராசம்மா, தட்டில் எரிந்த சூடத்தைச் சட்டென்று அணைத்துவிட்டார்.

"தீயில செத்த சாமிக்கா இத்தன நாளா சூடம் காட்டுனோமுங்க? நொம்ப எரிஞ்சிருக்குமே!"

கல்லின் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். கல் கண்மூடிக் குளிப்பதுபோல் இருந்தது.

திரும்பும்போது பஸ் ஏற்காட்டு ஏரியோரம் வளைந்தது. பனிக்குள் தண்ணீர் தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. பழைய கல்வெட்டுகளில் எகரமும் ஏகாரமும் ஒரே எழுத்து. அந்தச் சொல் 'ஏரி'யாகவும் இருக்கலாம்.

கண்ணை மூடினால் யாரோ ஒருவன் நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கிறான். மூழ்கிச் செத்தவன் தலையிலா ஒரு குடம் ஊற்ற வைத்தேன்?