சிங்கப்பெருமாள் கோவில் கிளையின் இரண்டு லைன்கள்

ஆக. 18, திங்கள்
விடிந்ததிலிருந்தே புழுக்கம். ஆபீஸ் ஏ.சி. மறுபடியும் சொட்டுகிறது. என் மேஜை மேல்தான், வேறெங்கு.

வாராந்தரக் கூட்டம். போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் கிளை மூன்று முறை படுத்துவிட்டது. ரத்தம் அங்கே எடுக்கிறார்கள், சோதனை இங்கே தாம்பரத்தில், ரிப்போர்ட் இன்டர்நெட் லைன் வழியே திரும்பப் போக வேண்டும். லைன் இல்லையென்றால் கிளைப் பொறுப்பாளர் கலைவாணிதான் கவுண்டரில் நின்று திட்டு வாங்குகிறாள்.

மேனேஜர் சுதாகர் லைன் விழுந்த நேரங்களைத் திரையில் காட்டினான். (எனக்கு நான்கு வருடம் ஜூனியர். எனக்கு வர வேண்டிய நாற்காலி. அதைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை.)

"எஸ்டி-வேன் பெட்டி எதுக்குப் போட்டோம்? ரெண்டு கம்பெனி லைன், ரெண்டு வழி. ஒண்ணு போனா பெட்டி தானா இன்னொண்ணுக்கு மாத்திடும். ரெண்டும் ஒரே செகண்டுல போகுதுன்னா, அந்தம்மா பெட்டியை ஆஃப் பண்ணுதுன்னு அர்த்தம்."

"ஃபேனுக்கு பிளக் பத்தலையோ என்னமோ" என்றார் எச்.ஆர். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை கலைவாணிக்கு வேலைநீக்கக் கடிதம் என்று முடிவு.

நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். வழக்கம்போல.

ஆக. 19, செவ்வாய்
பிரஷர் மாத்திரை. கேஸ் புக்கிங். குடை ரிப்பேர்.

10.40க்கு கலைவாணி போன். விஷயம் காதுக்குப் போய்விட்டது. "நான் அந்தப் பெட்டியத் தொட்டதே இல்ல சார். கூட்டற அக்காவைக்கூட அந்தப் பக்கம் விடறதில்ல. சாமி மேல சத்தியமா."

"சத்தியம்லாம் சிஸ்டத்துல ஏறாதும்மா" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. "ஏழு வருஷம் சார்" என்று வைத்துவிட்டாள். அந்த வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

மதியம் இங்கிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன். வைத்த நாளிலிருந்து ஒருமுறைகூட அணையவில்லை. ஐம்பத்தொரு நாள், தொடர்ந்து. இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். சுதாகர் பார்க்கவில்லை. எனக்கு சந்தோஷம், ஒப்புக்கொள்கிறேன். அவன் முகத்தில் எறியலாம். ஆனால் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு லைனும் எப்படிச் சேர்ந்து போகும்? பதில் இல்லாமல் எறிந்தால் எனக்கே திரும்பி வரும்.

ஆக. 20, புதன்
செங்கல்பட்டு லோக்கல். பொத்தேரி வரை மாணவர் நெரிசல், பிறகு உட்கார இடம்.

கலைவாணி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "ஹெட் ஆபீஸ்லேர்ந்து நேர்ல வந்த மொத ஆள் நீங்கதான் சார். நல்லா பாத்துக்கோங்க, நாங்கல்லாம் நெஜமாவே இங்கதான் இருக்கோம்." குத்தலை வாங்கிக்கொண்டேன்.

ஜன்னல் வழியே இரண்டு கறுப்பு ஒயர்கள். தெருவில் அவற்றின் பின்னாலேயே நடந்தேன். இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே டப்பாவுக்குள். கீழே கேபிள்காரர் ஒருவர் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் பாக்கறே? ரெண்டு கம்பெனியும் இந்த ஏரியாவ நம்மகிட்டதான் குட்துக்கீது. ரெண்டுத்தையும் ஒரே டப்பால வுட்டுக்கீறேன். கன்டெய்னர் லாரி திரும்பசொல்ல மாட்டி ரெண்டும் ஒண்ணா அறுந்துடும். வந்து ஒட்டிட்டுப் போவேன். ஒரே பேஜாரு."

"ரெண்டும் தனித்தனி வழின்னு சொன்னாங்களே?"

"எவன் சொன்னது?"

நான். ஜூன் மாதம், தள ஆய்வுப் படிவம். வெயிலுக்குப் பயந்து போகவில்லை. கலைவாணியிடம் போனில் கேட்டேன்: "ரெண்டு கம்பெனியும் லைன் இழுத்துட்டாங்களாம்மா?" "இழுத்துட்டாங்க சார்." உடனே எழுதினேன்: 'இரு வழிகளும் தனித்தனி. நேரில் சரிபார்க்கப்பட்டது.' கீழே என் கையெழுத்து. அந்தத் தாளை நம்பித்தான் சுதாகர் அவளைப் பிடித்தான்.

ஆக. 21, வியாழன்
சரியான தூக்கமில்லை. மதியம் வரை மெயில் எழுதி எழுதி அழித்தேன். பெட்டி அணையவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். கேபிள்காரர் தலையில் போடலாம். படிவத்தை யார் தேடப் போகிறார்கள்?

மூன்று மணிக்கு சுதாகர் அறை. படிவத்தை மேஜையில் வைத்துச் சொன்னேன். இந்த அறைக் காட்சியை வருடக்கணக்கில் மனதுக்குள் ஓட்டியிருக்கிறேன். அதிலெல்லாம் தப்பு செய்தவன் அவன்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். "சார், ஊரப்பாக்கம், பொத்தேரி ரெண்டு ஃபாரமும் நான் போட்டது. நானும் போகல. போன்லதான் கேட்டேன்."

இனி இவனை நிம்மதியாக வெறுக்கவும் வழியில்லை.

கடிதம் நிறுத்தம். எச்.ஆருக்கு மெயில், எங்கள் இருவர் பெயரும் போட்டு. சிங்கப்பெருமாள் கோவிலில் இரண்டாவது லைனுக்குப் பதில் சிம் கருவி, ஒயரே இல்லாமல். திங்கள்: ஊரப்பாக்கம், நேரில், இருவரும்.

ஆக. 22, வெள்ளி
மழை, ஒருவழியாக.

கலைவாணிக்குப் போன். வேலை போகாது என்றேன். ஏன் போக இருந்தது என்பதையும் சொன்னேன், படிவம், கையெழுத்து, எல்லாம். மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். 'பரவால்ல சார்' என்பாள் என்று காத்திருந்தேன்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு சார். ஆளுங்க நிக்கிறாங்க. வெச்சிடட்டுமா?"