ஒற்றைத் துடிப்புப் பதக்கம்

அக்கா,

இன்று காலை மகளின் இருமல் மருந்தைத் தேடி மருந்து டப்பாவைக் கவிழ்த்தபோது அந்தப் பழுப்பு மாத்திரைக் கவர் விழுந்தது. உள்ளே உங்கள் வெள்ளிப் பதக்கம். கவரில் இன்னும் லேசாக ஸ்பிரிட் வாசனை. காரியம் முடிந்த மறுநாள் உங்கள் வீட்டுக்காரர், "நீங்க குடுத்ததாமே, நீங்களே வச்சுக்கங்கம்மா" என்று தந்தது. எட்டு மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. இந்த மடலும் அதே அளவு தாமதம்தான்.

என் மகள் பிறந்த நொடியில் அவளை முதலில் கையில் வாங்கியவர் நீங்கள். அவளுடைய முதல் பிறந்தநாளுக்குப் புதுக்கோட்டை வெள்ளிக் கடைகளில் அலைந்து, இதயத் துடிப்புக் கோடு போட்ட பதக்கம் ஒன்றை வாங்கிக்கொண்டு, கந்தர்வக்கோட்டை பஸ் பிடித்து உங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தேன். நர்ஸுக்கு ஏற்ற நகை என்று எனக்கு ஒரே பெருமை. நீங்கள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"ஏண்டி, ஒரே ஒரு துடிப்புதான் இருக்கு. அப்பறம் கோடு படுத்துருச்சே! மிஷின்ல இப்புடி ஓடுனா நாங்கல்லாம் அங்கிட்டும் இங்கிட்டும் பறக்கணும்."

என் முகம் வாடிவிட்டது. "குடுங்கக்கா, மாத்திட்டு வாரேன்."

"போடி இவளே. எனக்குன்னு வாங்கிட்டு எங்க தூக்கிட்டுப் போற?"

பிரசவ அறையில் எதுவும் தொங்கக் கூடாது என்று தாலிச் சங்கிலியையே உடைக்குள் ஊக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். அந்த ஊக்கிலேயே பதக்கத்தையும் மாட்டிக்கொண்டீர்கள்.

அதன்பிறகு மகள் ஒரு தும்மல் போட்டாலும் உங்களுக்குத்தான் போன். எடுத்ததும், "எண்ணுனியா?" என்பீர்கள். "நெஞ்சு ஏறி எறங்குறத ஒரு நிமிஷம் முழுசா எண்ணு. அப்பறமாப் பயப்படு. எம்.எஸ்சி. கணக்குப் படிச்சவளுக்கு எண்ணத் தெரியாதா?"

அந்த நாள் அவளுக்குச் சளி. உங்களை மூன்று முறை அழைத்தேன். மூன்றாவது முறை உங்களுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"என்னக்கா, இப்புடி எரைக்குது?"

"டூட்டியிலதான் இருக்கேன். மாடி ஏறுனேன். நீ புள்ளயப் பாரு."

நான் பிள்ளையைப் பார்த்தேன். மூச்சு முப்பது எண்ணினேன், நிம்மதியானேன். சாயங்காலம் செய்தி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டீர்களாம். மாரடைப்பு.

உங்கள் சுகாதார நிலையத்துக்கு மாடியே கிடையாது, அக்கா. எத்தனை தடவை வந்திருக்கிறேன். அது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. அப்போதே உறைத்திருந்தால் யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பேனா? நான் அழைக்காமல் இருந்திருந்தால் நீங்கள் கொஞ்சம் ஓய்ந்து உட்கார்ந்திருப்பீர்களா? மகள் தூங்கும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது.

இன்று காலை பதக்கத்தை என் கையில் பார்த்துவிட்டு அத்தை, "செத்தவுக போட்டுருந்தது, புள்ள இருக்குற வீட்டுல எதுக்கு?" என்றார். நான் அதை என் தாலிச் சங்கிலியின் ஊக்கில் மாட்டிக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சிஸ்டர் சின்னப் பெண். தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"எரைக்குதே, சிஸ்டர்?"

"படி ஏறுனேங்க. அதான்."

"வாசல்ல மூணு படிதான இருக்கு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பெட்டி கனங்க" என்று சிரித்தார்.

"இருக்கட்டும். செத்த நேரம் உக்காருங்க. பாப்பாவ அப்பறம் பாக்கலாம்."

உட்கார்ந்தார். மகள் என் தோளில் இருமிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தப் பெண்ணின் மூச்சை எண்ணினேன். ஒரு நிமிஷம், முழுசாக. அதன்பிறகுதான் மகளை நீட்டினேன்.