டெக்ஸஸ் சாலியின் மெட்டி

மியூனிக்
9-11-1971

சௌபாக்கியவதி மல்லிகாவுக்கு அம்மாவின் அன்பும் ஆசீர்வாதமும். நானும் அப்பாவும் சுகம், குளிர்தான் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் சௌக்கியம்தானே. உன் கடிதம் கிடைத்தது. நான் மாடு மேய்க்கிறவர்கள் பாட்டைப் பாடுவது உன் மாமியார் காதுக்குப் போனால் மானம் போய்விடும், பாடித்தான் ஆகவேண்டுமென்றால் வேறு பெயரில் பாடு என்று எழுதியிருந்தாய். கோபமாகத்தான் படித்தேன், பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இங்கே முகாம் போட்டிருக்கிற அமெரிக்கப் பட்டாளத்து ரேடியோவில் கௌபாய்களின் கன்ட்ரி பாட்டுக் கேட்டுக்கொண்டே சாம்பாருக்குத் தாளித்தவள் நான், அப்பா மட்டும் அந்தப் பழைய கிதாரை வாங்கித் தராமல் இருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும். இப்போது ஆறு வருஷமாகச் சிப்பாய்களின் கிளப்புகளில் பாடுகிறேன், சொந்தமாகவும் எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான்.

சரி, உன் சொல்லைத் தட்டவில்லை. போன சனிக்கிழமை ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் என் பாட்டைக் கேட்க வருவதாக இருந்தது, அவருக்குப் பிடித்தால் இசைத்தட்டு போடுவார். வழக்கமான புடவையை விட்டுவிட்டு தொப்பி, பூட்ஸ், டெக்ஸஸ் சாலி என்று ஒரு பெயர், எல்லாம் தயார். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் என்ன செய்தேன் தெரியுமா, பழக்கதோஷம், மேடைப் படியருகே பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி வைத்துவிட்டு ஏறிவிட்டேன். வாத்தியம் இருக்கிற இடத்தில் செருப்புக் காலோடு ஏறி எனக்குப் பழக்கமே இல்லையே. முன்வரிசையில் ஒரே சிரிப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டு, கல்யாணம் முடிந்து உன்னை எழும்பூரில் ரயிலேற்றிவிட்டு வந்த அன்று எழுதிய பாட்டை ஆரம்பித்தேன், ரயில் போன பிறகும் கையாட்டிக்கொண்டு நிற்கிற ஒருத்தியின் பாட்டு. முடித்தபோது சிரித்தவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள், ஒரு சிப்பாய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். கம்பெனிக்காரர் நேரே வந்து என் காலைப் பார்த்தார். டெக்ஸஸில் கால்விரலில் வெள்ளி போடமாட்டார்களே, நீங்கள் உண்மையில் யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற அப்பா என் ஊர், தெரு, பிறந்த வீடு வரை ஒப்பித்துவிட்டார்.

இசைத்தட்டு வருகிறது மல்லிகா. அட்டையில் என் முகம் இல்லை, கழற்றிப் போட்ட பூட்ஸும் மெட்டி போட்ட காலும்தான். படத்தை வைத்து உன் மாமியாருக்கு அடையாளம் தெரியாது, பயப்படாதே. உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தின்போது கடைக்காரரிடம் பேரம் பேசி நீ எனக்கு வாங்கித் தந்த மெட்டி. பாடகி பெயர் என்ன போட என்று கம்பெனிக்காரர் கேட்டார். சாலி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. அந்தப் பாட்டில் ரயிலில் போகிறவள் நீ. வழியனுப்பியவள் வேறு யாரோ என்று நான் எப்படி அச்சடிக்கச் சொல்வேன்?

வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. இரண்டு பேரும் தீர்க்காயுசாக, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நன்றாக இருங்கள். உடனே பதில் போடு. நீ என்ன எழுதினாலும் அட்டையில் என் பெயர்தான் வரும், ஆனாலும் உன் பெயரையே போடு அம்மா என்று நீ சொன்னால் இன்னும் நன்றாகப் பாடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சியாமளா