கோகுல் பூட்டிய என் பஸ்

ஜூன் 9, ஞாயிறு

பஸ் முடிந்தது. ஏழு மாத வேலை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற பஸ்ஸை இனி போன் கேமில் அப்படியே ஓட்டலாம். தேய்ந்த படிக்கட்டுத் தகடு, கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழம், பின்சீட்டில் யாரோ கீறின எழுத்து, எல்லாம் இருக்கிறது. கதவு மட்டும் பாதி மூடி நின்றுவிடுகிறது. உருவம் செய்ய எனக்கு வரும், அதை அசைய வைக்க வராது. கோகுல்நாத்துக்கு வரும்.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஃபேக்டரில டேங்க் செய்றவன் மக ஊட்ல பஸ் செய்றா. சம்பளம் எவ்ளோம்மா?"

சம்பளமா! இந்த கேமுக்கு பஸ் செய்து பகிர்ந்துகொள்கிற எங்கள் ஆன்லைன் குழுவில் அந்தப் பேச்சே கிடையாது. செய்தவர் போடுவார், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். செய்தவர் பெயரை அழிக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

ஜூன் 11

கோகுலுக்கு ஃபைலை அனுப்பினேன், பூட்டாமல். எல்லோருக்கும் விடும்போது பூட்டித்தான் விடுவோம். பூட்டினாலும் ஓட்டலாம், உள்ளே கை வைத்து எதையும் மாற்ற முடியாது. கதவைச் சரிசெய்ய அவன் உள்ளே போக வேண்டுமே. காலேஜிலிருந்து ஆறு வருடப் பழக்கம். அவனுக்குப் போய் பூட்டுப் போடுவேனா?

ஜூன் 16

கதவு மூடுகிறது. கோகுல் வாழ்க. இரண்டு பேர் பெயரும் போட்டுக் குழுவில் விட்டாயிற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஆயிரத்துச் சொச்சம் பேர் எடுத்துவிட்டார்கள். யாரும் தேங்க்ஸ் சொல்லவில்லை. பரவாயில்லை, ஓட்டுகிறார்களே.

ஜூலை 6, சனி

அம்பத்தூர் ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து சீட் ரேவதி போனை நீட்டினாள். தம்பி காசு கட்டி வாங்கின பஸ்ஸாம். "உன்னுது மாதிரியே கீதுப்பா."

மாதிரியா? என்னுதேதான். பின்சீட்டில் நான் வரைந்து வைத்த அந்தக் கீறல் எழுத்துகூட அப்படியே. புதிதாக வைப்பர் ஆடுகிறது, மழை பெய்கிறது. விலை நூற்று நாற்பத்தொன்பது. செய்தவர்: கோகுல்நாத்.

என் பேரு எங்கயும் இல்ல. பூட்டு வேற போட்டிருக்கான். நான் செஞ்ச பஸ்ஸுக்குள்ள நானே போக முடியல. சாப்பாட்டு டப்பாவ மூடி வச்சிட்டேன்.

ஜூலை 7

திருவேற்காட்டுக்கே போய்விட்டேன். வாசலிலேயே பிடித்தேன்.

"இன்னா அனு, மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற? வைப்பர் யார் போட்டா? மழ யார் போட்டா? மூணு வாரமா இதே வேலயா குந்திகினு கீறேன். ஃப்ரீயா குட்த்தா எவன் மதிக்கிறான்?"

வேலை செய்தான், காசு கேட்கிறான். அது தப்பென்று நான் சொல்லவில்லை. "என் பேரு எங்கடா?" என்றேன்.

"உன் பேர் போட்டா உன்னுத தேடிகினு பூடுவாங்க. அது ஃப்ரீயா கீதே."

மறைக்கக்கூட இல்லை. கடைக்கு வழி சொல்வதுபோலச் சொன்னான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி, வித்துக்கோ என்றிருப்பேன். அதுதான் வயிறெரிகிறது.

ஜூலை 8

என் பஸ் இப்போதும் இலவசம்தான், இது என்னுடையது என்று எழுதி குழுவில் மறுபடி லிங்க் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் லிங்க்கும் இல்லை, நானும் இல்லை. தூக்கிவிட்டார்கள்.

குழுவை நடத்துகிற வரதன் அண்ணனுக்குப் போன் செய்தேன். வானகரத்தில் மொபைல் கடை வைத்திருப்பவர். என்னை முதலில் குழுவில் சேர்த்ததே அவர்தான்.

"காசு கட்னவங்க கம்ப்ளெயிண்ட் பண்றாங்கம்மா. பெய்டு பஸ்ஸ லீக் பண்றவங்கள தூக்கணும்னு போன வாரம்தான் ரூல் போட்டோம்."

"அது நான் செஞ்ச பஸ்ணே."

"தெரியும்மா. இன்னா பண்றது, ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்."

தெரியுமாம்! தெரிஞ்சே தூக்கியிருக்காரு. என் பஸ்ஸ நானே திருடிட்டேனாம். நாலாயிரம் பேர்ல ஒருத்தர்கூட வாயத் தொறக்கல.

ஜூலை 9

அழுதேன். ஒரு கேமுக்காடி இவ்வளவு என்கிறாள் அம்மா. கேமுக்கு இல்லம்மா.

ஜூலை 23

கோகுல் பிறந்தநாள். விரல் தானாக அவன் நம்பருக்குப் போகிறது. சீ.

ஆகஸ்ட் 17, சனி

கேமுக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது. பழைய பஸ் எல்லாம் சக்கரம் வரை ரோட்டுக்குள் புதைந்து நிற்கின்றனவாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோகுல் வந்து சொன்னான். வீட்டுக்கே வந்துவிட்டான். விஷயம் தெரியாத அம்மா காபி போட்டுக் கொடுத்தாள்.

"காசு கட்னவன்லாம் கண்டபடி திட்றான் அனு. மாடல் வேல எனுக்கு வராதுன்னு உனுக்கே தெரியும். ஒரே ஒரு தபா பாத்துக் குடு."

"எவ்ளோ தருவ?" என்றேன். பதிலை நான் எதிர்பார்க்கவில்லை, சும்மா கேட்டேன்.

அவன் முகம் நிஜமாகவே வாடிப்போனது. "இன்னா அனு, நம்மளுக்குள்ள போய் காசு பேசற."

அவன் காபியை முழுசாகக் குடித்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை, இளைத்துவிட்டான் என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் சக்கரங்கள் ரோட்டுக்கு மேலே வந்துவிட்டன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கிற பொது இடத்தில் ஏற்றினேன். இலவசம், பூட்டு இல்லை. இதேபோல் மறுபடி ஆனால் எப்படிச் சரிசெய்வது என்று ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். கோகுலும் எடுத்துக்கொள்வான். எடுக்கட்டும். இனிமேல் இந்த பஸ்ஸுக்காக யாரும் எங்கள் வீட்டுப் படியேற வேண்டியதில்லை.

பதினோரு மணிக்கு அவனிடமிருந்து செய்தி: "டாங்க்ஸ் அனு. நீ பண்ணுவன்னு தெரியும். அட்த்த பஸ் எப்போ?"

அடுத்த பஸ்ஸைப் பாதி செய்து வைத்திருந்தேன். அழித்துவிட்டு, அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கப் போனேன்.